நாய்க்குட்டியை எவ்வளவு நேரம் நடத்தலாம், எங்கே நிறுத்தணும்

குட்டியைக் கூட்டிப் போனவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டுக் கேட்பது, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வாக்கிங் போகணும்?" என்றுதான். நல்ல வீடு கிடைக்கும்வரை நாய்க்குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பவள் நான். லேப்ரடார், ராட்வீலர் போன்ற பெரிய இனங்கள், கையடக்கமான பொமரேனியன், அப்பா அம்மா யாரென்றே தெரியாத கலப்புக் குட்டிகள் என்று எல்லாம் இந்தக் கூடத்தில் ஓடி வளர்ந்திருக்கின்றன. கேட்பவர்களுக்கு நிமிடக் கணக்கும் சொல்வேன். அதற்கு முன்னால் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. போதும் என்று தோன்றியதும் குட்டி தானாக நின்றுவிட முடிகிற ஆட்டத்தால் கெடுதல் வருவது குறைவு. நிற்க நினைத்தும் நிற்க முடியாத இடத்தில்தான் கால் கெடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

வளரும் எலும்பு

குட்டியின் கால் எலும்புகளின் முனைகளுக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு இருக்கும். வளர்ச்சித் தட்டு என்பார்கள். எலும்பு நீளுவது அந்த இடத்தில்தான். எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்குக் குறுக்கே ஒரு கருங்கோடாகத் தெரியும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தட்டு எலும்பாக மாறி, கோடு மறைந்துவிடும்.

இந்தத் தட்டு சுற்றியிருக்கும் எலும்பைவிட மென்மையானது. மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார்களைவிடவும் பலம் குறைந்தது. அதனால் வளர்ந்த நாய்க்குச் சுளுக்கோடு போகிற ஒரு திருகல், குட்டிக்கு வளர்ச்சித் தட்டிலேயே முறிவாகிவிடலாம். முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே உள்ள ஒரு தட்டு டாக்டர்களுக்கு எப்போதும் கவலை தருவது. முன்னங்கையில் இரண்டு எலும்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழ்முனைத் தட்டு புனல் மாதிரி உள்ளே குவிந்திருக்கும். பலமாக அடிபட்டால் அது நசுங்கி, நேரத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். கால் வில்லாக வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அதைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை வரைக்கும் போக வேண்டி வரும்.

தட்டுகள் மூடும் வயது இனத்துக்கு இனம் வேறு. சின்ன இனங்களுக்கு ஒரு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நடுத்தர நாய்களுக்கு ஒரு வயதை ஒட்டி. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வயது. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற ராட்சத இனங்களுக்கு இரண்டு வயதைத் தொடும். மிகச் சின்ன வயதில் கருத்தடை செய்த குட்டிகளுக்கு இன்னும் தள்ளிப்போகும். ஆறு மாத ராட்வீலர் பார்க்க முழு நாய் போலத்தான் இருக்கும். உடம்பைப் பார்த்து ஏமாந்து ஓட வைத்துவிடாதீர்கள், உள்ளே கால் இன்னும் குழந்தைக் கால்தான்.

இதைக் கேட்டுவிட்டுக் குட்டியைக் கூண்டிலேயே வைத்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. மூட்டைத் தாங்குவது அதைச் சுற்றியிருக்கும் தசை. நடந்து ஓடி விளையாடினால்தான் தசை பிடிக்கும். நார்வேயில் நியூஃபவுண்ட்லாண்ட், லேப்ரடார், லியன்பெர்கர், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு பெரிய இனக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அதே வயதில் கயிறு இல்லாமல் மேடும் பள்ளமுமான மண்ணில் தன் போக்கில் திரிந்த குட்டிகளுக்குக் குறைந்திருந்தது. நான் நெஞ்சில் வைத்திருக்கும் ஆய்வு இது. இடுப்பு மூட்டுக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதை நம்மால் மாற்ற முடியாது. குட்டி முதல் மூன்று மாதத்தில் எங்கே ஓடுகிறது என்பது நம் கையில் இருக்கிறது.

நிமிடக் கணக்கு

நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: வயது மாதத்துக்கு ஐந்து நிமிடம். மூன்று மாதக் குட்டிக்கு 15 நிமிடம், நான்கு மாதத்துக்கு 20, ஆறு மாதத்துக்கு 30. இப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரைக்கும் போகலாம். எந்த ஆய்விலும் நிரூபித்து எடுத்த எண் இல்லை இது. ஆனாலும் புதிதாகக் குட்டி வளர்ப்பவர்களுக்குக் கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதால் நானும் இதையே சொல்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒன்று, இந்தக் கணக்கு கயிற்றில் கட்டிக் கூட்டிப்போகும் நடைக்கு மட்டும்தான். தோட்டத்தில் இலையைத் துரத்துவது, கூடத்தில் உருண்டு புரள்வது, மண்ணைத் தோண்டுவது எதையும் இதில் சேர்க்க வேண்டாம். கயிற்றின் மறுமுனையில் நாம் இருக்கும்போது வேகத்தையும் தூரத்தையும் தீர்மானிப்பது நாம். அங்கேதான் கடிகாரம் தேவை. தனியாக விளையாடும் குட்டி முப்பது விநாடி ஓடும், நிற்கும், படுக்கும், மறுபடி ஓடும். அதற்கு யாரும் மணி பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இது அதிகபட்ச அளவு. தினமும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். மழை பெய்தால் போகாமல் இருக்கலாம். தடுப்பூசி போட்ட மறுநாள் சோர்வாக இருந்தால் விட்டுவிடலாம்.

இப்போது என் வீட்டில் இருக்கும் தேனு, தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்த நான்கு மாத லேப்ரடார். அவளோடு நடப்பது எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், படம் பிடிபடும். கழுத்துப் பட்டையில் இழுபட்டால் தொண்டைக்கு நல்லதில்லை என்பதால் மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ். தோள் அசைய இடம் விட்டு, முன்பக்கம் ஆங்கில ஒய் எழுத்து போல இருக்கும் வகை. கயிறு எப்போதும் தொய்ந்தே இருக்கும். வாசலைத் தாண்டியதும் முதல் மின்கம்பத்தடியில் மூக்கை வைப்பாள். மூக்கு நுனி துடிக்கும், மூச்சு குட்டிக் குட்டியாக வேகமாக உள்ளே போகும், வால் ஆடாமல் நிற்கும். அவளாக மூக்கை எடுக்கும்வரை நானும் நிற்பேன். அப்புறம் பத்தடி நடை. ஒரு சருகு. மறுபடி நிற்பது. நான்கைந்து வீடு தாண்டுவதற்குள் ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும், அங்கேயே திரும்பிவிடுவேன். திரும்பி வரும் நடையும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குட்டி களைத்துப்போன பிறகு திரும்பினால் மீதித் தூரத்தைக் களைப்போடு கடக்க வேண்டியிருக்கும்.

வழியில் குட்டி உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள். சற்று நின்று பாருங்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் நடந்தால் புதுச் சத்தத்தையோ ஆளையோ கவனித்திருக்கிறது, தொடரலாம். வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினால், அல்லது மறுபடி மறுபடி உட்கார்ந்தால், அதற்குப் போதும். தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு கையை மார்புக்குக் கீழேயும் மறு கையைப் பின்பக்கத்துக்குக் கீழேயும் கொடுத்து, உடம்பு வளையாமல் தூக்க வேண்டும். அக்குளில் கைவிட்டுத் தொங்கத் தூக்கக் கூடாது.

தடுப்பூசி முடியும்வரை

பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரைக்குமாவது தொடர்வார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஊசியின் சக்தி முழுதாகப் பிடிக்காத இடைக்காலம் அது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தந்து குட்டியின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பல நாய்கள் வந்து போகும் தெருவோரம், பூங்கா, மருத்துவமனை வாசல் ஆகிய இடங்களில் குட்டியைத் தரையில் விடாதீர்கள்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கவும் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் உலகம் குட்டியின் மனதில் பதியும் காலம். அப்போது பார்க்காத குடை, ஹெல்மெட் போட்ட ஆள், ஹார்ன் சத்தம், ஓடும் குழந்தை எல்லாம் பிற்பாடு பயமாக வந்து நிற்கலாம். தூக்கிக்கொண்டு போங்கள். மடியில் வைத்தபடி சாலையோரம் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்ட, ஆரோக்கியமான நாய் இருக்கும் தெரிந்தவர் வீட்டில் விளையாட விடலாம். எந்தத் தேதியிலிருந்து தெருவில் இறக்கலாம் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் எங்கே பரவியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

குட்டியால் நிற்க முடியாத ஆட்டங்கள்

முதலில் பந்து. எல்லோருக்கும் பிடித்தது, எனக்குக் கவலை தருவதும் இதுதான். பந்தைத் தூக்கி எறிந்ததும் குட்டி முழு வேகத்தில் பாய்கிறது, பந்துக்குப் பக்கத்தில் சடாரென்று முன்னங்காலை ஊன்றி நிற்கிறது, அதே காலில் உடம்பைத் திருகித் திரும்புகிறது. அந்தப் பாரம் முழுக்க முழங்கை, தோள், மணிக்கட்டுத் தட்டுகளில் இறங்கும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. நாம் இருபது தடவை எறிகிறோம். ஆட்டத்தின் வெறியில் குட்டிக்கு வலியோ களைப்போ உறைக்காது, எறிந்தால் ஓடும். ஸ்வீடனில் லேப்ரடார்களை வைத்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, உரிமையாளர் எறியும் பந்தையும் குச்சியையும் துரத்துவதை முழங்கை மூட்டுத் தேய்மானத்துக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சொன்னது. பந்து வேண்டும் என்றால் புல்தரையில் மெதுவாக உருட்டிவிடுங்கள், நான்கைந்து தடவை போதும். இல்லையென்றால் பந்தைப் புல்லில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். தேனுவுக்கு எறிவதைவிட ஒளிப்பதுதான் பிடிக்கிறது.

அடுத்தது படிக்கட்டு. மூன்று மாதம் வரை தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பிறகும் பெரிய இனமாக இருந்தால், தூக்க முடிகிற எடை இருக்கும்வரை தூக்குங்கள். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்ததும் ஹார்னஸைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக, மெதுவாக. மாடிப்படியின் மேலும் கீழும் சின்னத் தடுப்புக் கதவு வைத்துவிட்டால் தினமும் காவல் காக்க வேண்டியதில்லை.

சோபா, கட்டில், கார் ஆகியவற்றிலிருந்து குதிப்பது சின்ன இனங்களுக்குத்தான் அதிக ஆபத்து. பொமரேனியன், டாய் பூடில், மினியேச்சர் பின்ஷர் ஆகியவற்றின் முன்னங்கால் எலும்பு அவ்வளவு மெல்லியது. சோபா உயரத்திலிருந்தோ கையிலிருந்தோ விழுந்து மணிக்கட்டுக்கு மேலே முறிந்து வருவது மருத்துவமனைகளில் வழக்கமாகப் பார்க்கிற ஒன்று. குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் குட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வீட்டில் தளராத சட்டம்.

ஜாகிங், சைக்கிள் கூட ஓடவிடுவது எல்லாம் எலும்பு வளர்ந்து முடிந்த பிறகுதான். நீங்கள் நிற்காதவரை குட்டியும் நிற்காது, உங்களை விட்டுப் பின்தங்க அதற்கு மனசு வராது.

வீட்டில் பெரிய நாய் இருந்தால் அதனோடு மல்லுக்கட்டுவதும் இந்தப் பட்டியலில் வரும். கீழே தள்ளி மேலே விழும் ஆட்டத்தில் எடை வித்தியாசம்தான் ஆபத்து. சில நிமிடத்துக்கு ஒரு தடவை பெரிய நாயைப் பிடித்து நிறுத்துங்கள். குட்டி அதனிடமே திரும்பி ஓடி வந்து வாலாட்டினால் ஆட்டம் பிடித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் விடலாம். நாற்காலிக்கு அடியில் புகுந்தாலோ உங்கள் காலுக்குப் பின்னால் வந்து நின்றாலோ அன்றைக்கு அவ்வளவுதான். இருவரையும் தனித்தனி அறையில் விடுங்கள்.

வழுக்கும் தரையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. டைல்ஸிலும் மார்பிளிலும் குட்டி ஓடும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிவதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் இடுப்பு மூட்டு இழுபடுகிறது. வீடு முழுக்க விரிப்புப் போட முடியாது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், இந்த ஒரு பாதையில் ரப்பர் அடியுள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டால் போதும், குட்டி தானாக அதிலேயே ஓடப் பழகிவிடும். நகத்தையும் பாருங்கள். தரையில் நடக்கும்போது டக் டக்கென்று கேட்டால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். நீண்ட நகம் விரலை மேலே தள்ளும், பிடிமானம் போகும்.

நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான். குட்டி சீக்கிரம் களைக்கும், உடம்பும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆழமில்லாத, ஓட்டமில்லாத தண்ணீரில், கைக்கெட்டும் தூரத்தில், ஓரிரு நிமிடம் போதும்.

வெயில்

தார் சாலையிலோ கான்கிரீட்டிலோ உங்கள் புறங்கையை ஏழு விநாடி வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் அங்கே படக் கூடாது. பக், புல்டாக், ஷி ட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சிரைத்து உடம்பைத் தணிக்கும் திறன் குறைவு. அவற்றை விடிந்ததும் அல்லது நன்றாக இருட்டிய பிறகு மட்டும் கூட்டிப் போங்கள்.

மூச்சிரைப்பு நிழலுக்கு வந்தும் அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால் வெப்ப மயக்கம் தொடங்கிவிட்டது. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்று வீச வேண்டும். அப்படியே ஈரத்தோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேறிவிட்டது போல் தோன்றினாலும் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புகளின் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

களைத்த குட்டி எப்படி இருக்கும்

சோர்ந்து படுக்கும் என்று நினைப்பீர்கள். பாதி நேரம் நேர்மாறாகத்தான் நடக்கும். மிதமிஞ்சிக் களைத்த குட்டி கண்மண் தெரியாமல் வீட்டைச் சுற்றி ஓடும், காலைக் கடிக்கும், துணியைப் பிடித்துத் தொங்கும். "இன்னும் சக்தி மிச்சம் இருக்கிறது" என்று மறுபடி வெளியே கூட்டிப் போகிறார்கள். ஆட்டம் இன்னும் கூடும். கடைசியாக எப்போது தூங்கியது என்று யோசித்துப் பாருங்கள். குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். நான் ஒரு மணி நேரம் விழிப்பு, அப்புறம் ஒன்றரை இரண்டு மணி நேரத் தூக்கம் என்று வைத்திருக்கிறேன். விளக்கை அணைத்து, மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து, தன் இடத்தில் விட்டால் பத்து நிமிடத்தில் கண் சொருகிவிடும்.

மூளைக்கு வேலை கொடுத்தாலும் நன்றாகத் தூங்கும். ஒருவேளைத் தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் புல்லில் தூவி விடுங்கள். பழைய துண்டுக்குள் சுருட்டிக் கொடுத்துப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். உட்கார், வா, விடு என்று மூன்று நிமிடப் பாடம் நாளைக்கு மூன்று நான்கு வேளை. மணல், சரளை, ஈரப்புல், மரப்பலகை என்று வெவ்வேறு தரையில் நடக்கவிடுங்கள். காலை எங்கே வைப்பது என்று யோசித்து நடப்பதே அதற்குப் பயிற்சி.

எடையும் கால்சியமும்

கொழுகொழு குட்டி பார்க்க அழகு, மூட்டுக்குச் சுமை. விலாவைத் தடவினால் எலும்புகள் அழுத்தாமலே கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்குக் கால்பங்கு குறைவாகத் தீனி போட்டு வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் மருந்து ஊற்றுகிறவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன், டாக்டர் சொல்லாமல் வேண்டாம். கூடுதல் கால்சியத்தைத் தடுத்து வெளியேற்றும் திறன் சின்னக் குட்டியின் குடலுக்கு இல்லை. எலும்பு வளர்ச்சியே அதனால் தாறுமாறாகும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த முழுத்தீனியில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது.

எப்போது டாக்டரிடம்

காலைத் தரையில் ஊன்றவே மறுத்தால், வீக்கம் தெரிந்தால், தொட்டதும் கத்தினால் அன்றைக்கே போங்கள். லேசான நொண்டல் என்றால் ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் பாருங்கள், மறுநாளும் இருந்தால் காட்டிவிடுங்கள். தூங்கி எழுந்ததும் விறைத்து நடப்பது, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல் போலச் சேர்த்துக் குதிப்பது, உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் போடுவது ஆகியவையும் காட்ட வேண்டியவை. ஐந்து மாதத்திலிருந்து ஒன்றேகால் வயது வரை பெரிய இனக் குட்டிகளுக்கு ஒரு கால் சரியாகி இன்னொரு காலில் நொண்டல் வருவதும் உண்டு. எலும்புக்குள் வரும் அழற்சி அது. பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் அதுதானா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

போவதற்கு முன்னால் குட்டி நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாசலில் பயத்திலும் பரபரப்பிலும் குட்டி நொண்டாமலே நடந்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரையை வீட்டில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும்.

வளர்ந்து முடிந்துவிட்டதா என்ற சந்தேகத்தை ஓர் எக்ஸ்ரே தீர்த்துவிடும். கருத்தடைக்காக மயக்கம் கொடுக்கும்போதே இடுப்பையும் முழங்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம். தட்டுகள் மூடிவிட்டன என்று டாக்டர் சொன்ன பிறகு ஓட்டத்தைத் தொடங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிட நடைக்கு நடுவில் ஒரு நிமிட மெல்லோட்டம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், மண் தரையில். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எப்படி எழுகிறது என்று பாருங்கள். விறைப்பில்லாமல் எழுந்து உடம்பை நீட்டி முறித்தால் அடுத்த வாரம் இன்னொரு நிமிடம் கூட்டலாம்.